ஆமைக்கு வாயில்லையா?

(ஒரு கிராம வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசுவதற்கு எடுத்துக்கொண்ட விஷயம் ஆமைக்குஞ்சு. நோட்டீசில் இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு தோழர் வழியில் நம்மை நிறுத்தி, "ஊரில் இருக்கிற கஷ்டம் போதாதென்று ஆமைக்கும் ஒரு பிரசங்கமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயந்தான். ஆனால் ஆமையை முதன்முதலாக மேடை ஏற்றினவர்கள் நாமல்ல. நமக்கு வெகு காலத்துக்கு முன்பே அதை மேடையில் உட்கார வைத்து, அதன் முதுகின்மேல் ஒரு பெரிய தத்துவத்தையும் ஏற்றி வைத்துவிட்டார்கள். அந்தப் பாரத்தை இறக்குவதற்காவது நாம் கொஞ்சம் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மடங்களிலும் காலட்சேபங்களிலும் தீட்சையைப் பற்றிப் பேசுகிறபோது ஒரு திருஷ்டாந்தம் சொல்லுவதை இங்குள்ள பெரியவர்கள் கேட்டிருப்பீர்கள். பறவையானது முட்டையின்மேல் உட்கார்ந்து உடம்புச் சூட்டால் குஞ்சு பொரிக்கிறதாம். மீனானது முட்டையைக் கண்ணால் பார்த்தே பொரிக்கிறதாம். ஆமையோ கரையில் முட்டையிட்டு மூடிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டு, அங்கிருந்தபடியே நினைத்து நினைத்துக் குஞ்சு பொரித்து விடுகிறதாம். அதுபோலவே குருவானவர் சிஷ்யனைத் தொட்டும், பார்த்தும், ஒன்றும் முடியாவிட்டால் இருந்த இடத்திலிருந்து நினைத்துமே கடைத்தேற்றி விடுவார் என்பது அதற்குத் தத்துவார்த்தம். தொடுவதற்குத் தட்சணை எவ்வளவு, நினைப்பதற்குத் தட்சணை எவ்வளவு என்பது வேறு கணக்கு. அதற்குள் நாம் இப்பொழுது போகவில்லை.

தாய் நினைப்பதால்தான் முட்டை பொரிக்கிறது என்றால், தாய் ஆமையைப் பிடித்துக் கறி சமைத்துத் தின்றுவிட்ட பிறகு அதன் முட்டை என்ன ஆக வேண்டும்? அழுகிப் போக வேண்டும். ஆனால் பொரிக்கிறது. முட்டைகளைப் பக்குவமாக எடுத்து மணல் நிரப்பிய பெட்டியில் வைத்து வேறு ஊருக்குக் கொண்டுபோனாலும் பொரிக்கிறது. மணலின் சூடுதான் அதற்குத் தாய். அதுமட்டுமல்ல, அநேக ஆமை ஜாதிகளில் பிறக்கிற குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட அந்த மணலின் சூடே தீர்மானிக்கிறது. சூடு தூக்கலாக இருந்தால் பெண், குறைந்தால் ஆண் என்பது அவைகளில் பலவற்றுக்குப் பொதுவான கணக்கு. பிரமன் எழுதுகிற எழுத்துக்கு அங்கே வேலையே இல்லை.

நிற்க. புராணக்காரர்களை மாத்திரம் குறை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டால் நாம் நாணயமாகப் பேசினவர்களாக மாட்டோம். ஏனென்றால் ஆமை விஷயத்தில் படித்தவர்களும், ஆராய்ச்சிக்காரர்களும், புத்தகம் எழுதினவர்களுங்கூட வெகு காலம் வேறொரு தப்பைச் சொல்லிக் கொண்டு வந்தார்கள். ஆமை ஊமை என்றார்கள். போதாதற்குச் செவிடு என்றும் சொன்னார்கள். முட்டையிட்டு மூடினதோடு தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள சம்பந்தம் அற்றுப்போகிறது என்றும் தீர்ப்புச் சொன்னார்கள். இது மந்திரமுமல்ல, மாயமுமல்ல, படிப்பாளிகள் சொன்னது. ஆனாலும் அதை ஒருவர் சொன்னார் என்று இன்னொருவர் எழுதி, அவர் எழுதினார் என்று மூன்றாமவர் எழுதி, அப்படியே ஒரு சாஸ்திரமாக ஆகிவிட்டது.

இத்தனைக்கும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டின சாட்சி இல்லாமலும் இல்லை. பரிணாமத்தைப் பற்றி எழுதிய டார்வின் 1835ஆம் வருஷத்தில் கலாபகோஸ் தீவுகளுக்குப் போயிருந்தபோது, அங்குள்ள பெரிய நிலத்து ஆமைகளைப் பற்றி இரண்டு சங்கதி எழுதி வைத்தார். ஒன்று, ஆண் ஆமை சேர்க்கைக் காலத்தில் கரகரவென்று கத்தும், நூறு கஜத்துக்கு அப்பாலும் அது கேட்கும் என்று சொல்லுகிறார்கள் என்பது. மற்றொன்று, இந்தப் பிராணிகள் முழுச் செவிடு என்று அந்தத் தீவுக்காரர்கள் நம்புகிறார்கள் என்பது. பின்னால் நடந்து வருகிற ஆளை அவை கவனிப்பதில்லை என்றும், ஆள் பக்கத்தில் வந்து தாண்டின உடனே தலையையும் காலையும் இழுத்துக்கொண்டு உஸ்ஸென்று மூச்சுவிட்டுத் தொப்பென்று விழும் என்றும் அவரே வேடிக்கை பார்த்து எழுதியிருக்கிறார். நூறு கஜம் கேட்கும்படி கத்துகிற ஒரு ஜந்து, கேட்கிற காது ஒன்றுகூட இல்லாத ஜாதிக்குள் யாருக்காகக் கத்துகிறது என்று யோசித்தாலே போதும். அப்பொழுதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நிலத்து ஆமையின் கதை இப்படி. ஆற்றிலும் குளத்திலும் இருக்கிற ஆமைக்கு வந்த தொந்தரவு வேறு. அது பேசுகிற இடம் தண்ணீர். கேட்கிறவன் நிற்கிற இடம் கரை. இதை நீங்கள் நாளைக்கே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு பேராகக் கிணற்றுக்குக் குளிக்கப் போங்கள். ஒருவர் தண்ணீருக்குள் முங்கி, இரண்டு கூழாங்கல்லை ஒன்றோடொன்று தட்டட்டும். முங்கினவருக்கு அது காதுக்குள்ளேயே ஆணி அடிப்பது போலக் கேட்கும். படிக்கட்டில் நிற்கிறவருக்கு ஏதோ லேசாகக் கேட்டாலும் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். தண்ணீருக்குள் பிறந்த சத்தம் தண்ணீர் மட்டத்தில் வந்து மோதி உள்ளேயே திரும்பிவிடுகிறதே தவிர, அதில் மிகச் சொற்பமே வெளிக்காற்றுக்கு வருகிறது. இந்தச் சாமானிய விஷயத்தை மறந்துவிட்டுக் கரையிலிருந்தே ஆமைக்கு ஊமைப் பட்டம் கொடுத்து விட்டார்கள்.

காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஆமைக்கு நம்மைப்போல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காதுமடல் கிடையாது. தலையின் பக்கவாட்டில் தோலுக்கு அடியில் ஒரு தகடு, அதற்குப் பின்னால் காற்று அடைத்த ஒரு சிறு அறை, அவ்வளவுதான். 2012ஆம் வருஷத்தில், அமெரிக்காவைச் சேர்ந்த சிவப்புக் காது ஆமை என்கிற நன்னீர் ஆமையை வைத்துச் சோதித்தபோது, அந்தக் காற்றறையே தண்ணீருக்குள் வருகிற சத்தத்துக்கு அதிர்ந்து கொடுக்கிறது என்று கண்டார்கள். வெளிக்காற்றில் அதற்குக் காது மந்தம். தண்ணீருக்குள் கூர்மை. கரையில் கைதட்டிப் பார்த்து அதைச் செவிடு என்றவர்கள், மீனைக் கரையில் போட்டு அதற்கு நடக்கத் தெரியவில்லை என்றவர்களுக்கு அண்ணன் தம்பி ஆகிறார்கள்.

முதல் முதலாகக் குளத்து ஆமையின் பேச்சைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவர் ஜாக்குலின் கைல்ஸ் என்கிற பெண்மணி. மேற்கு ஆஸ்திரேலியாவில் நீண்ட கழுத்துள்ள ஒரு நன்னீர் ஆமை உண்டு. கலங்கலும் இருட்டுமான தண்ணீரில் வாழ்வது. தண்ணீருக்குள் மூழ்கவிட்டுச் சத்தம் பிடிக்கிற மைக்கை வைத்து அவரும் அவருடைய கூட்டாளிகளும் கேட்டு, 17 வகைச் சத்தங்களைப் பிரித்து 2009இல் வெளியிட்டார்கள். கண் தெரியாத கலங்கலில் வாழ்கிறவன் வாயை உபயோகிக்காமல் என்ன செய்வான்?

இனிமேல்தான் குஞ்சு விஷயத்துக்கு வருகிறோம். இதற்கு நீங்கள் நம்மோடு தென் அமெரிக்காவுக்கு வரவேண்டும். பிரேசில் தேசத்தில் அமேசான் என்ற மகாநதியில் வடக்கேயிருந்து வந்து சேருகிற ஆறுகளில் ஒன்றுக்குத் திரொம்பேத்தாஸ் என்று பெயர். அந்தப் பக்கத்து ஆறுகளில் ஒரு பெரிய ஆமை இருக்கிறது. பெண்ணின் ஓடு மட்டும் ஒன்றரை முழம் இருக்கும். சிலது இரண்டு முழத்தையும் எட்டும். வெள்ளக் காலத்தில் ஆறு கரை புரண்டு காட்டுக்குள் போய்விடுமாதலால், இவையும் மரங்களுக்கு நடுவே நீந்திக்கொண்டு, விழுகிற பழத்தையும் விதையையும் தின்று பிழைக்கும். கோடையில் ஆறு வற்றி நடுவில் மணல் திட்டுகள் கிளம்பும்போது, பெண் ஆமைகள் கூட்டம் கூட்டமாக அங்கே வந்து, இரவில் கரையேறிக் குழி தோண்டி, ஒவ்வொன்றும் சுமார் நூறு முட்டை இட்டு மூடிவிட்டுப் போகும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் இரண்டங்குலக் குஞ்சுகள் வெளிவரும்.

முட்டையிட்ட பெண் ஆமைகள் உடனே ஊருக்குத் திரும்பாமல், திட்டுக்கு எதிரேயுள்ள தண்ணீரிலேயே அந்த இரண்டு மாதமும் தங்கியிருந்தன. ஏன் தங்குகின்றன என்று கேட்டவர்கள், மனௌஸ் நகரத்திலுள்ள அமேசான் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் வோக்ட் என்பவரும், கமீலா பெராரா என்ற பெண்மணியும், ரெனாட்டா சௌசா லீமா என்ற பெண்மணியும். கேட்டதோடு நிற்காமல் மைக்கை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார்கள்.

அவர்களுக்கு இருந்த பொறுமையை ஒரு கணக்கால் சொல்லலாம். 2009 முதல் 2011 வரையில் பெரிய ஆமைகளிடத்தில் 220 மணி நேரம் பதிவு செய்து, அதில் அகப்பட்ட சத்தங்கள் 270. அதாவது மணிக்கு ஒன்றேகால் சத்தங்கூடத் தேறவில்லை. அதுவும் கனத்த குரலில், மெதுவாக, சட்டென்று முடிந்துவிடுகிற சத்தம். நம் ஊர்த் தவளையைப்போல் விடிய விடியக் கச்சேரி செய்கிறதல்ல. அந்த 270ஐயும் ஆறு வகையாகப் பிரித்தார்கள். கூட்டமாகப் பயணம் போகும்போது, முட்டையிடும் முன் திட்டுக்கு எதிரே கூடும்போது, இரவில் முட்டையிடும்போது, பிறகு குஞ்சுகளை எதிர்பார்த்துத் தண்ணீரில் காத்திருக்கும்போது என்று, சமயத்துக்குத் தக்கபடி சத்தமும் மாறுவதைக் கண்டார்கள்.

குஞ்சுகளிடத்தில் கண்டதுதான் எல்லாவற்றிலும் அதிசயம். முட்டை ஓடு உடைவதற்கு முன்னாலேயே, உள்ளே இருக்கிற குஞ்சு சத்தம் போடுகிறது. ஓட்டை உடைத்துக்கொண்டு மணலுக்குள் கிடக்கும்போதும் போடுகிறது. மேலே வந்து ஆற்றில் இறங்கின பிறகும் போடுகிறது. அப்பொழுது தண்ணீரில் காத்திருந்த பெண் ஆமைகளும் சத்தம் கொடுக்கின்றன. குஞ்சுகள் அவைகளிடம் போய்ச் சேருகின்றன. சேர்ந்தபின் இரண்டு தரப்பும் ஒன்றாகவே வெள்ளக் காட்டை நோக்கிப் புறப்பட்டு, இரண்டு மாதத்துக்கும் மேலாகக் கூடவே இருந்திருக்கின்றன. இதை 2013இல் அவர்கள் வெளியிட்டபோது, பொரித்த பிறகும் ஆமை தன் இனத்துக் குஞ்சைக் கவனிக்கிறது என்பதற்கு அதுவே முதல் அத்தாட்சி என்றார்கள்.

முட்டைக்குள்ளிருந்தே ஏன் பேச வேண்டும்? யோசித்துப் பாருங்கள். ஒரு முழத்துக்கும் மேற்பட்ட ஈர மணல் தலைமேல் கிடக்கிறது. இரண்டங்குலக் குஞ்சு ஒன்று தனியாக அதைத் தோண்டி மேலே வருவது லேசான வேலையல்ல. நூறு குஞ்சு ஒரே சமயத்தில் அசைந்தால் மணல் தானே சரிந்து வழிவிடும். மேலே வந்தாலோ பருந்து, கழுகு, தண்ணீரில் இறங்கினால் பெரிய மீன், முதலை. ஒவ்வொன்றாக வந்தால் ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்துவிடும். கும்பலாக வந்தால் தின்கிறவன் வயிறு நிரம்பின பிறகும் பாக்கி இருக்கும். ஆகவே எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவதற்கு ஒருவருக்கொருவர் தெரிவித்துக் கொள்ளுகிற சத்தம் இது என்று அந்த ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள்.

இந்த இடத்தில் "கருதுகிறார்கள்" என்று நாம் வேண்டுமென்றேதான் சொல்லுகிறோம். சத்தம் வருகிறது என்பது மைக்கில் பதிந்தது. இரண்டும் சேர்ந்து பயணம் போகின்றன என்பது பின்தொடர்ந்து பார்த்தது. ஆனால் இன்ன சத்தத்துக்கு இன்ன அர்த்தம் என்பது ஊகம். மேலும், காத்திருக்கிற பெண் ஆமை அந்தக் குஞ்சைப் பெற்ற தாயேதான் என்று அவர்கள் நிரூபிக்கவில்லை. ஊர்ப் பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளை அழைத்துப் போவதாகவும் இருக்கலாம். இவ்வளவையும் விட்டுவிட்டு, தாய் ஆமை "கண்ணே, வா" என்று கூப்பிட்டது, குஞ்சு "அம்மா, இதோ" என்று ஓடியது என்று நாமும் கதை கட்டிவிட்டால், ஒரு புராணத்தை ஒழிக்க வந்து இன்னொரு புராணத்துக்குப் பாயிரம் பாடினவர்கள் ஆவோம்.

ஊகத்தை எப்படிச் சோதிப்பது என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். ஆனால் இது அந்த நீண்ட கழுத்து ஆமையல்ல, மரே என்ற ஆற்றின் ஆமை. அதன் குழியில் மேலே இருக்கிற முட்டைக்குச் சூடு அதிகம், அடியில் இருக்கிற முட்டைக்குக் குறைவு. ஆகவே மேல் முட்டை முந்தியும் அடி முட்டை பிந்தியும் பொரிக்க வேண்டும். ஆனால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே பொரிக்கின்றன. ஆராய்ச்சிக்காரர்கள் ஒரே தாயின் முட்டைகளை இரண்டு பங்காக்கி, ஒன்றைச் சூட்டிலும் ஒன்றைக் கொஞ்சம் குளிர்ச்சியிலும் வைத்துப் பிறகு ஒன்றுசேர்த்தார்கள். பின்தங்கியிருந்த முட்டைகளும் முன்னேறினவைகளோடு கூடவே பொரித்துவிட்டன. இது 2001இல் வெளிவந்தது. இங்கே அண்ணன் தம்பிக்குச் செய்தி போனது உண்மை. ஆனால் அது சத்தத்தால்தான் போயிற்று என்று அவர்கள் சொல்லவில்லை. நெஞ்சத் துடிப்பாலோ, மூச்சுக் காற்றாலோகூட இருக்கலாம் என்று வழியைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். அப்படித் திறந்து வைக்கிற யோக்கியதை மடத்துத் திருஷ்டாந்தத்துக்கு ஒருநாளும் வராது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு சாஸ்திரியார் எழுந்து, "பார்த்தீரா! தாய் ஆமை தூரத்திலிருந்தே குஞ்சுக்குச் செய்தி அனுப்புகிறது என்று இப்பொழுது வெள்ளைக்காரன் சொல்லுகிறான். இதைத்தானே எங்கள் முன்னோர்கள் நினைவினால் பொரிக்கிறது என்று அன்றே சொன்னார்கள்?" என்று கேட்பார். கேட்காமல் இருக்கமாட்டார். எந்தப் புதுச் சங்கதி வந்தாலும் அதற்குப் பழைய பத்திரம் ஒன்று தேடி எடுத்துக் காட்டுவது வழக்கமாய்ப் போய்விட்டது. அவருக்கு நாம் சொல்லுவது இதுதான்: உமது கதையில் தாய் நினைக்கிறது, அதனால் முட்டை பொரிக்கிறது. இவர்கள் கண்டதிலோ முட்டை மணல் சூட்டால் பொரிக்கிறது; தாய் செத்துப்போனாலும் பொரிக்கிறது. முதலில் வாய் திறக்கிறது முட்டைக்குள் இருக்கிற குஞ்சு. உமது கதையில் குஞ்சு ஒரு வார்த்தை பேசுவதற்கு இடமே இல்லை. சிஷ்யன் வாய் திறக்கக் கூடாதல்லவா? போகட்டும், அன்றே தெரிந்திருந்தால் ஒரு பானையையாவது தண்ணீரில் கவிழ்த்துக் காதை வைத்துக் கேட்டதாக ஏதாவது ஓர் ஏட்டில் இருக்க வேண்டாமா?

பிறகு வந்தது இன்னும் பெரிய கணக்கு. ஜூரிச் சர்வகலாசாலையில் இருந்த கேப்ரியல் ஜோர்க்விச் கோஹென் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், ஊமை என்று தள்ளிவைக்கப்பட்டிருந்த 53 ஜாதிப் பிராணிகளைப் பதிவு செய்து 2022இல் வெளியிட்டார்கள். அதில் 50 ஆமை இனங்கள். பாக்கி மூன்றில் ஒன்று நியூசிலாந்தில் உள்ள டுவாட்டரா என்ற பல்லி போன்ற பிராணி, ஒன்று காலில்லாத தவளை வர்க்கம், ஒன்று நுரையீரலால் மூச்சு விடுகிற மீன். அத்தனையும் சத்தம் போட்டன. நமது பேச்சும், பறவையின் பாட்டும், தவளையின் கத்தலும், ஆமையின் முனகலும் ஏறக்குறைய 40 கோடியே 70 லட்சம் வருஷங்களுக்கு முன் இருந்த ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்து வந்தவை என்பது அவர்கள் கண்ட முடிவு. வாக்கு என்பது யாருடைய நாவிலோ எழுந்தருளினது என்பவர்கள் இந்தக் குலமுறைக் கிளத்தலையும் ஒருமுறை பார்க்கட்டும்.

சரி, ஆமை பேசினால் நமக்கென்ன, பேசாவிட்டால் நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு இல்லாவிட்டாலும் ஆமைக்கு இருக்கிறது. ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் அமேசான் பக்கத்தில் பதினொரு வருஷம் தங்கி, 1863இல் ஒரு புத்தகம் எழுதினார். இந்த ஆமையின் முட்டைகளை மணல் திட்டில் தோண்டி எடுத்து, படகில் கொட்டி மிதித்து, அதில் மிதக்கிற எண்ணெயை எடுத்து விளக்குக்கும் மீன் பொரிப்பதற்கும் விற்றார்கள் என்று அதில் சொல்லுகிறார். எண்ணெய் ஜாடிகளைக் கொண்டு அவர் போட்ட கணக்குப்படி வருஷத்துக்கு 4 கோடியே 80 லட்சம் முட்டைகள் நாசமாயின. கோவிலுக்கு முன் கத்தாத ஆட்டைப் பலியிட யாரும் தயங்கினதில்லை. ஊமை என்று பெயர் வைத்த ஜந்துவிடத்தில் மனிதனுக்குத் தயவு பிறப்பது அதைவிடக் கஷ்டம். காட்டுப் பிராணிகளை வேட்டையாடக் கூடாதென்று பிரேசில் சர்க்கார் 1967இல் சட்டம் செய்தார்கள். திரொம்பேத்தாஸ் ஆற்றோரத்தை 1979இல் காப்பிடமாக்கினார்கள். திட்டுகளுக்குக் காவல் போட்டார்கள். அதெல்லாம் நல்ல காரியமே.

ஆனால் அந்தக் காவல் முறைகளையும் இந்தச் சத்தம் கேள்வி கேட்கிறது. முட்டையைக் காப்பாற்றினால் போதும், குஞ்சு தானே பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில்தான் இதுவரை காரியங்கள் நடந்திருக்கின்றன. அதனால் குஞ்சுகளைத் தொட்டியில் வைத்து, ஓடு கொஞ்சம் கெட்டியான பிறகு ஆற்றில் விடுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. பார்க்க அது தயவான காரியமாகத்தான் இருக்கிறது. ஆற்றில் காத்திருக்கிற பெரிய ஆமைகளோ, வெள்ளம் ஏறினதும் காட்டுக்குப் புறப்பட்டுவிடும். தொட்டியிலிருந்து பிந்தி விடப்பட்ட குஞ்சு தண்ணீரில் இறங்கிச் சத்தம் கொடுக்கும்போது, பதில் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? மோட்டார்ப் படகுகளின் இரைச்சலும் தாழ்ந்த சுருதி, ஆமையின் குரலும் தாழ்ந்த சுருதி. இரண்டும் ஒரே தண்ணீரில் போனால் எது அமுங்கும்? திட்டில் குஞ்சைக் காவல் காத்துவிட்டு, எதிரே தண்ணீரில் நிற்கிற பெண் ஆமையைக் களவாகப் பிடிக்க விட்டுவிட்டால், காப்பாற்றினது பாதியா, முழுசா? மணல் திட்டுக்கு மாத்திரம் போட்ட காவலை எதிரே உள்ள ஆற்றுக்கும், முட்டைக்காலத்துக்கு மாத்திரம் போட்டதைக் குஞ்சுகள் புறப்பட்டுப் போகிற வரைக்கும் நீட்ட வேண்டும் என்பதற்கு, அந்த இரண்டங்குலக் குஞ்சு போட்ட சத்தமே இப்பொழுது சாட்சியாக நிற்கிறது.